எம்பக்கேயில் கற்ற பாடம்

மாசி மாதத்து வெயிலில் எமது இல்லத்துப் புத்தக அலுமாரியின் கதவு கோணிக்கொண்டது, நடுப்பலகையும் வெடித்தது. செய்வித்து மூன்று திங்களும் ஆகவில்லை. தச்சரை அழைத்துக் கடிந்துகொண்டோம். அம்முதியவரோ, "பச்சைப் பலகை, ஆறு மாதமாவது உலரட்டும் என்றேனே, ஐயா. மகளின் பரீட்சைக்கு முன்னர் வேண்டுமென்றீர்கள். ஒருமுறை எம்பக்கேக்குப் போய்ப் பாருங்கள்" என்று மட்டும் கூறி அகன்றார்.

அடுத்த ஞாயிறன்று குடும்பத்துடன் புறப்பட்டோம். கண்டியிலிருந்து கொழும்பு வீதியிற் பேராதனையைக் கடந்து, பிலிமத்தலாவையில் திரும்பிச் சென்றால் எம்பக்கே தேவாலயத்தை அடையலாம். கம்பளையிலிருந்து ஆண்ட மூன்றாம் விக்கிரமபாகு மன்னன் 14ஆம் நூற்றாண்டில் எழுப்பியது என்பர். அங்கு உறையும் தெய்வம் நம் கதிர்காமக் கந்தனே. முரசு முழங்கும் மண்டபத்தின் மரத்தூண்களில் இருதலைப் பறவையும், பின்னிய அன்னங்களும், மற்போர் வீரரும், சேய்க்குப் பாலூட்டும் தாயும் உயிர்பெற்று நிற்கின்றனர்.

மகள் அண்ணாந்து நோக்கி, "அப்பா, இத்தனை கைமரங்களையும் எது பிடித்திருக்கிறது?" என்றாள். 26 கைமரங்கள் வந்து கூடும் இடத்தில் ஒரேயொரு மர ஆப்பு! 'மடொல் குருபாவ' எனச் சிங்கள மக்கள் அதனைப் போற்றுவர்.

இதன் நுட்பம் யாது? வெட்டிய மரத்தில் நீர் நிறைந்திருக்கும். முதலில் நுண்ணறைகளின் உள்ளே நிற்கும் நீர் வெளியேறும். அதனால் மரம் சுருங்குவதில்லை. ஈரம், உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழ 30 வீதத்திற்குக் கீழே இறங்கிய பின்னரே அறைகளின் சுவர்கள் வற்றி, மரம் சுருங்கத் தொடங்கும். அச்சுருக்கமும் ஒரு சீரானதன்று. நீளவாக்கில் மிகமிகச் சொற்பம். ஆண்டு வளையங்களின் குறுக்கே சற்று மிகுதி. வளையங்களை ஒட்டிய திசையில் அதனினும் ஏறக்குறைய இருமடங்கு. இந்த ஏற்றத்தாழ்வே பலகையைக் கோணவும் வெடிக்கவும் செய்கிறது. உலர்ந்த பின்னரும் மரம் மழையில் ஈரம் பருகிச் சற்றே விரியும்; வெயிலிற் சுருங்கும். இரும்பாணி அதற்கு இசையாது. துருவேறி மரத்தையும் அரிக்கும். மர ஆப்போ மரத்தோடு மரமாக இயங்கும்.

நாம் நூல்களிற் படித்ததை அத்தச்சர் கையால் அறிந்திருந்தார். அவர் கேட்டதெல்லாம் காலம் ஒன்றே. நாம் அதனைக் கொடுக்கவில்லை.

மறுநாள் அவர் இல்லஞ்சென்று பொறுத்தருளுமாறு வேண்டினோம். முறுவலித்தார். இப்போது அவர் கொட்டிலின் நிழலில், இடையிடையே குச்சிகள் வைத்து அடுக்கிய புதிய பலகைகள் காற்றில் உலர்கின்றன. மகளின் நூல்கள் தகரப் பெட்டியிற் காத்திருக்கின்றன. இம்முறை நாம் அவசரப்படுத்தப் போவதில்லை.