நாடாவின் வேகம், கரையின் நிறம்

திங்கள்

கிராம வாழ்க்கையைக் காட்டும் பழைய அமெச்சூர் படங்கள் பெரும்பாலும் 16 மி.மீ., 8 மி.மீ. சுருள்களில் இருக்கின்றன. கோடாக் முன்னதை 1923இலும் பின்னதை 1932இலும் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அன்று கேமரா வைத்திருந்தவர்கள் அதிகாரிகள், பாதிரிமார்கள், தோட்டத் துரைகள்; படத்தில் விழுந்த நெசவாளியிடம் ஏது? அவர்கள் எடுத்தவற்றில் ஒரு பெரிய தொகுப்பு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் தெற்காசிய ஆய்வு மையத்தில் உள்ளது.

செவ்வாய்

டப்பாவைத் திறந்ததும் காடி வாடை அடித்தால், அசிட்டேட் சுருள் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். வெக்கையும் ஈரமும் அதைத் தூண்டுகின்றன. வெளியேறும் அமிலம் சிதைவை மேலும் விரைவாக்கும். சுருள் ஒரு சதவீதம் சுருங்கினாலே அதன் துளை புரொஜெக்டரின் பல்லுக்குப் பொருந்தாமல் போகும். ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடலாம் என்ற ஆசைதான் பல சுருள்களைக் கிழித்திருக்கிறது. அமெச்சூர்கள் பயன்படுத்தியது பெரும்பாலும் ரிவர்சல் சுருள். அதற்குத் தனி நெகட்டிவ் கிடையாது; கிழிந்தால் போனதுதான்.

புதன்

அதனால் மீட்பவர்கள் சுருளின் தூசி துடைத்து, பழைய ஒட்டுகளைப் புதுப்பித்து, பல்லில்லாத ஸ்கேனரில் ஒவ்வொரு ஃபிரேமாகப் பதிவு செய்கிறார்கள். கோடாக் சுருளின் ஓரத்தில் வட்டம், சதுரம், முக்கோணம் என்று ஆண்டுக் குறி இருக்கும். அது 20 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வருவதால், எந்தச் சுற்று என்பதைத் தெருவில் மின்கம்பம் உண்டா என்பது போன்ற தடயங்களே சொல்லவேண்டும்.

வியாழன்

வேகத்தில்தான் தவறு அதிகம். 100 அடி கொண்ட 16 மி.மீ. சுருளில் 4,000 ஃபிரேம்கள். நொடிக்கு 16 என்று எடுத்ததை அப்படியே ஓட்டினால் 4 நிமிடம் 10 நொடி வரும். 24 என்று ஓட்டினால் மூன்று நிமிடம்கூட வராது. முள்ளிப்பட்டுபோன்ற பட்டு நெசவு ஊரில் இதைக் கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம். மிதியை அழுத்தி, ஊடை நூலைச் சுமக்கும் நாடாவை எறிந்து, பலகையை அடிக்கும் தாளம் தறிக்காரருக்கு அத்துப்படி. ஒன்றரை மடங்கு வேகத்தைப் பார்த்ததும் சிரித்துவிடுவார். கரையையும் உடலையும் தனித்தனி நாடாவில் நெய்து இணைக்கும் கோர்வைப் புடவைக்கு மூன்று நாடா. ஓரத்து நாடாவைத் தள்ள இன்னொருவர் பக்கத்தில் உட்காருவார். அசைவைச் சீராக்கக் கணினி இடையில் ஃபிரேம்களை இட்டு நிரப்பும்போது, விரைந்தோடும் நாடா கரைந்து கோடாகிவிடக்கூடும். படம் அழகாகும், நெசவு காணாமல் போகும்.

வெள்ளி

1935இல் வந்த கோடாக்ரோம் இருட்டில் வைத்தால் நிறம் காக்கும். ஈஸ்ட்மன்கலர் நீலப்பச்சைச் சாயத்தை இழந்து ரோஜா நிறமாகும். அதை ஓரளவு மீட்கலாம். கறுப்பு வெள்ளைக்கு நிறம் பூசுவது வேறு சங்கதி. பழைய ஆர்த்தோகுரோமாட்டிக் சுருள் சிவப்பொளியை உணராது. புடவையின் அரக்குக் கரை அதில் கிட்டத்தட்டக் கறுப்பாகவே விழும். கணினியும் அதைக் கறுப்பென்றோ கருநீலமென்றோ ஊகிக்கும். பட்டுக்காரர் ஊரில் கரையும் உடலும் என்ன நிறம் என்பதே செய்தி. பூசாமல் விடுவதே நேர்மை.

சனி

திருத்தாத ஸ்கேன் பதிவு தனியே, இரண்டு இடங்களில் இருக்கவேண்டும். செய்த திருத்தங்கள் எழுத்தில் இருக்கவேண்டும். புனேயில் 1964இல் அமைந்த தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தின் கவனம் முதன்மையாகத் திரைப்படங்கள்மீது. ஊர்ப் படங்களுக்கு ஊராரே அட்டவணைக்காரர்கள். பாவு நீட்டியிருக்கும் தெரு எது, தறியில் இருப்பது எந்த வகைப் புடவை என்று பெரியவர்கள் சொல்வதை, சொன்னவர் பெயரோடு ஃபிரேம் எண்ணுக்கு எதிரே குறிக்கவேண்டும். இருவர் இருவிதமாகச் சொன்னால் இரண்டையும்.