முதலில் தண்ணீர்

சுவரடியில் முழங்கால் உயரத்துக்கு வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. விரலால் தேய்த்தால் மாவாக உதிரும். நெய்வேலியை ஒட்டிய வடக்குத்தில் நாங்கள் வாங்கிய பழைய வீட்டில் எல்லா அறைகளிலும் அது இருந்தது. "பட்டி வச்சு பெயிண்ட் அடிச்சிட்டா தெரியாது சார்" என்றார் கொத்தனார். எனக்கோ அந்த உப்பைவிட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. இது எங்கிருந்து வருகிறது?

சுரங்க ஊழியர்கள் வாழும் நெய்வேலி நகரியத்தில் குழாய் ஒழுகினால் புகார் எழுதிவிட்டு ஷிப்ட்டுக்குப் போய்விடலாம். ஓய்வுபெற்று, குவார்ட்டர்ஸ் சாவியைத் திருப்பிக் கொடுத்த பிறகுதான் எங்களில் பலர் முதன்முதலாக ஒரு சுவருக்குச் சொந்தக்காரர் ஆகிறோம். இந்திரா நகரிலும் மந்தாரக்குப்பத்திலும் இதே கதைதான்.

எதிர்வீட்டு அண்ணன் சுரங்கத்தில் நிலத்தடி நீர்க் கட்டுப்பாட்டில் வேலை பார்த்தவர். வந்தார், சுவரில் உள்ளங்கையை வைத்தார். "பூச்சை விடுங்க தம்பி. தண்ணி எங்கேருந்து வருதுன்னு பாருங்க" என்றார். பிறகு திண்ணையில் உட்கார்ந்து சுரங்கத்தைப் பற்றியே பேசினார்.

1930-களில் ஜம்புலிங்க முதலியார் என்பவர் தண்ணீருக்காகத் துளை போட்டபோதுதான் இங்கே கறுப்பு மண்ணாகப் பழுப்பு நிலக்கரி மேலே வந்தது. அந்த நிலக்கரிக்கு அடியில் இருக்கும் மணல் அடுக்கில் தண்ணீர் பெரும் அழுத்தத்தில் அடைபட்டுக் கிடக்கிறது. மேல்மண்ணை வாரி எடுத்தால் பாரம் குறையும். உடனே அந்தத் தண்ணீர் சுரங்கத்தின் தரையைப் பிளந்துகொண்டு ஏறிவிடும். அதனால் சுற்றிலும் ஆழ்துளைக் கிணறுகள் போட்டு, இரவு பகலாக இறைத்து அழுத்தத்தைத் தணிக்கிறார்கள். 1957 மே 20-ல் நேரு தொடங்கிவைத்த சுரங்கத்தில் 1961 ஆகஸ்டில்தான் நிலக்கரி கண்ணில் பட்டது. "தண்ணிய அடக்காம அங்க ஒரு கூடை கரி எடுக்க முடியாது" என்றார். அந்தப் பெருமை அவர் குரலில் இன்னும் இருந்தது. வீடு புதுப்பிப்பது பற்றி அதைவிட நல்ல பாடத்தை நான் கேட்டதில்லை.

வீட்டுச் சுவரிலும் மண்ணிலிருக்கும் ஈரம் செங்கல் வழியே ஏறுகிறது. கூடவே உப்பையும் கரைத்துக் கொண்டுவருகிறது. ஈரம் ஆவியாகிப் போக, உப்பு மட்டும் சுவரில் தங்கிவிடுகிறது. கடைக்காலுக்கு மேல் ஓதம் தடுக்கும் அடுக்கு போடாத பழைய வீடுகளில் இது சகஜம். அதன் மேல் கெட்டியாகச் சிமெண்ட் பூசினால் வெளியேற வழியில்லாத ஈரம் இன்னும் உயரே ஏறும். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும். இதைப் பழைய கொத்தனார்கள் நன்றாக அறிந்திருந்தார்கள்.

ஓதம் எல்லாமே தரையிலிருந்து வருவதில்லை. மொட்டைமாடியில் வடிகுழாயை அடைத்து, மண்ணால் சிறு அணை கட்டி, ஒரு நாள் தண்ணீர் தேக்கிப் பாருங்கள். கூரையின் அடியில் எங்கே கறுக்கிறது என்று தெரிந்துவிடும். இரவில் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டுத் தொட்டியின் மட்டத்தைக் குறித்து வையுங்கள். காலையில் குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது; சுவருக்குள் ஓடும் குழாயாக இருக்கலாம். எங்கள் பின்னறைச் சுவர் குளியலறைக் குழாயால்தான் நனைந்துகொண்டிருந்தது. டைல்ஸ் ஒட்டிய பிறகு அது தெரிந்திருந்தால் எல்லாவற்றையும் பெயர்க்க வேண்டியிருந்திருக்கும்.

ஆகவே முதல் முறையாக வீட்டில் கைவைப்பவர்கள் டைல்ஸ் கடைக்குப் போவதைத் தள்ளிப்போடுங்கள். முதல் பணம் மாடித் தளத்துக்கும் குழாய்க்கும் போகட்டும். வீடு பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் அதைக் கவனிக்கவே மாட்டார்கள்; போகட்டும். கடலூர் மாவட்டத்தில் இருக்கிறோம். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்ததைப் பார்த்தவர்களுக்கு மழையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. சித்திரையில் தளவேலையைத் தொடங்குங்கள். ஐப்பசி மழையும் கார்த்திகை மழையும் நன்றாகப் பெய்து, உள்ளே சுவர் காய்ந்தே இருக்கிறது என்று கண்ட பிறகு பெயிண்டருக்குச் சொல்லி அனுப்புங்கள். தீபாவளிக்கு வீடு பழசாகவே இருக்கட்டும், பொங்கலுக்கு அடித்துக்கொள்ளலாம்.