கல்லீரல் செய்யும் வைட்டமின் கல்லீரலுக்கே உதவுமா?

வைட்டமின் டி என்றால் எலும்பு. பள்ளிப் புத்தகத்தில் கதை அதோடு முடிந்துவிடும். ஆனால் அதற்குப் பின்னால் ஒரு முழு உற்பத்திக் கணக்கே இருக்கிறது.

வெயில் பட்டுத் தோலில் உருவாவது வெறும் கச்சாப் பொருள்தான். அது ரத்தத்தோடு கல்லீரலுக்குப் போய் 25-ஹைட்ராக்சி வைட்டமின் டி ஆகிறது. காமர்ஸ் பாஷையில் சொன்னால் பாதி முடிந்த சரக்கு. சிறுநீரகம்தான் அதைக் கால்சிட்ரியாலாக முடித்துக் கொடுக்கிறது. லேபில் ரத்தம் எடுத்து "டி குறைச்சல்" என்று எழுதித் தருகிறார்களே, அங்கே அளப்பது வழக்கமாக இந்தப் பாதிச் சரக்கைத்தான்!

வேடிக்கை என்னவென்றால், இதைச் செய்கிற கல்லீரலின் பிரதான செல்களில் வைட்டமின் டி வந்து ஒட்டும் ஏற்பி மிகக் குறைவு. அக்கம்பக்கத்தில் இருக்கும் குப்ஃபர் செல்களிலும் ஸ்டெல்லேட் செல்களிலும்தான் அது கூடுதலாக இருக்கிறது.

குடலிலிருந்து வரும் ரத்தம் முதலில் நுழைவது கல்லீரலில். கூடவே பாக்டீரியாத் துணுக்குகளும் வரும். குப்ஃபர் செல்கள்தான் அங்கே வாட்ச்மேன். துணுக்கு ஒன்று மோதியதும், செல்லுக்குள் கட்டிப்போட்டிருந்த என்எஃப்-காப்பா-பி என்ற புரதம் அவிழ்ந்து உட்கருவுக்குள் ஓடும். உடனே டிஎன்எஃப்-ஆல்ஃபா, ஐஎல்-6 என்று அழற்சிச் செய்திகள் கிளம்பும். இந்த வகைச் செல்களில் கால்சிட்ரியாலைச் சேர்த்துப் பார்த்த ஆய்வுகளில் அந்தச் செய்திகள் குறைந்தன. ஏற்பி அந்தப் புரதத்தை எளிதில் அவிழ விடுவதில்லை.

ஸ்டெல்லேட் செல்களின் கதை இன்னும் சுவாரசியம். அழற்சி நீடித்தால் கல்லீரலில் தழும்பு போடுவது இவைதான். அமெரிக்காவின் சால்க் ஆய்வகத்தினர் 2013-ல் ஈரல் கெட்ட எலிகளுக்குக் கால்சிபோட்ரியால் கொடுத்தார்கள். சோரியாசிஸுக்குப் பூசுகிற மருந்து அது, வைட்டமின் டி-யின் செயற்கை உறவுக்காரர். தழும்பு குறைந்தது. ஏற்பியே இல்லாமல் பிறந்த எலிகளுக்கோ தானாகவே தழும்பு விழுந்தது.

எலிக்குச் சரி, மனிதருக்கு? இங்கேதான் கணக்கு இடிக்கிறது. நாள்பட்ட ஈரல் நோயாளிகளிடம் வைட்டமின் டி குறைவாக இருப்பது உண்மை. ஆனால் அந்தப் பாதிச் சரக்கைச் செய்யும் ஆலையே ஈரல்தானே? மெஷின் பழுதான ஆலையில் சரக்கு குறைந்திருப்பதைப் பார்த்து, சரக்கு குறைந்ததால்தான் மெஷின் பழுதானது என்று எழுதினால் எந்த ஆடிட்டர் கையெழுத்துப் போடுவார்? கொழுப்பு ஈரல் உள்ளவர்களுக்கு மாத்திரை கொடுத்துப் பார்த்த சோதனைகளும் ஒரே முடிவைச் சொல்லவில்லை. சிலவற்றில் கொஞ்சம் பலன், சிலவற்றில் ஒன்றுமில்லை.

கடையில் விற்கிற மாத்திரையும் கால்சிபோட்ரியால் இல்லை. "ஈரலுக்கு நல்லதாம்" என்று கேள்விப்பட்டு அதை அளவில்லாமல் விழுங்கினால் ரத்தத்தில் கால்சியம் ஏறும், வாந்தி வரும், கடைசியில் சிறுநீரகம் கெடும். சரக்கை முடித்துக் கொடுக்கிற அதே சிறுநீரகம்...