எம்பூரியாபிராவா வானில் ஒரு பாடம்

ஸ்பெயின் நாட்டின் வடகிழக்கு மூலையில், ரோசஸ் வளைகுடாவின் கரையில் எம்பூரியாபிராவா என்னும் ஊர் அமைந்துள்ளது. 1967-ஆம் ஆண்டு முதல் சதுப்பு நிலத்தில் எழுப்பப்பெற்ற இவ்வூரில் 20 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட கால்வாய்கள் தெருக்களைப்போல் ஓடுகின்றன. நம்மூரில் வீட்டு வாயிலில் மாட்டுவண்டி நின்றதுபோல் அங்கே படகு நிற்கிறது.

அண்மையிலுள்ள கஸ்தெல்யோ நகரின் புனித மரியன்னை ஆலயத்தைத் தரிசிக்க நாம் சென்றிருந்தோம். ஆயர் பீடம் இல்லையெனினும் மக்கள் அதனைப் பேராலயம் என்றே போற்றுவர். உடன் வந்த நண்பரின் மகனுக்கோ வேறு நாட்டம். எம்பூரியாபிராவாவை ஒட்டிய விமானத் திடலில், பல நாட்டாரும் வான்குடை கட்டிக் குதிக்கும் இடத்தில், தாமும் குதிக்க விரும்பினார். 30 முறைக்கு மேல் குதித்து உரிமமும் பெற்றவர். ஆயின் அவை யாவும் கடலே இல்லாத ஒரு சமவெளியின்மீது.

திடலில் அவரை உடனே விமானத்தில் ஏற்றிவிடவில்லை. உரிமம், காப்பீடு, இறுதியாகக் குதித்த நாள், முதற்குடை விரியாவிடில் காக்கும் மாற்றுக்குடை மடித்துக் கட்டப்பெற்ற நாள் ஆகியவற்றை வினவினர். பின்னர்ப் பயிற்சி தரும் அம்மையார் ஒருவர், வானிலிருந்து எடுத்த பெரிய நிழற்படத்தின்முன் அவரை நிறுத்தினார். "கிழக்கே கடல், மேற்கே ஆலயக் கோபுரம். திடலுக்குத் திரும்ப இயலாதெனில் இவ்வயல்களில் இறங்குக. அம்முடிவை உயரத்திலேயே எடுத்துவிடுக" என்றார்.

வாசக அன்பர்களே, இதன் காரணம் எளிது. 4,000 மீட்டர் உயரத்தில் குதிப்பவர் மணிக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நிமிடம் வீழ்கிறார். குடை விரிந்தபின் காற்றே தலைவன். எதிர்க்காற்றின் வேகம் குடையின் வேகத்துக்கு இணையானால் முன்னேற இயலாது. மிஞ்சினாலோ பின்னோக்கித் தள்ளப்படுவார்.

காலையில் அவர் குதித்தார். தம் ஊர்த் திடலில் ஓர் ஓடையைக் கண்டதும் திரும்புவது அவர் வழக்கம். பழகிய கண் இங்கும் அதையே தேடிற்று. தொலைவிலிருந்த கால்வாய் ஒன்றை அவ்வோடையாக எண்ணி நெடுந்தூரம் சென்றுவிட்டார். அவருடைய குடை திடலை விட்டு விலகிச் சிறுத்துக்கொண்டே போவதைக் கண்டு, கீழே நின்ற நம் கை செபமாலையைப் பற்றியது. பின்னர்க் குடை மரங்களுக்கு அப்பால் மறைந்தது.

அரைமணி நேரம் கழித்து, குடையை வாரியணைத்தபடி வியர்வை சிந்த நடந்து வந்தார். "எப்படியும் திடலுக்கே வந்துவிடலாமென்று ஆசை இழுத்தது, சுவாமி. அந்த அம்மையாரின் சொல் நினைவுக்கு வந்தது; படத்தில் கண்ட வயலில் இறங்கினேன்" என்றார். ஆசையின்படி வந்திருந்தால், இடையிலிருந்த கூரைகளும் கால்வாய்களும் அவருக்காக விலகி நின்றிரா.

நண்பகலில் பைரனீஸ் மலைப்பக்கமிருந்து திரமுந்தானா என்னும் வடகாற்று எழுந்தது. காற்றின் திசை காட்டும் துணிப்பை விறைத்து நின்றது. ஆயிரம் முறை குதித்தவர்கள் விமானம் ஏறினர். நம் இளைஞர் பணம் கட்டியிருந்தார். மறுநாள் ஊர் திரும்பவேண்டியவர். ஆயினும் எவரும் தடுக்குமுன்னரே தோள்வார்களைக் கழற்றி வைத்துவிட்டு நம்மருகே வந்தமர்ந்தார்.

"வருத்தமா, தம்பி?" என்றோம்.

"வருத்தந்தான், சுவாமி. ஆனால் இந்த வானம் எனக்கு இன்னும் பழக்கமில்லை" என்றார்.

அன்று அவர் விமானத்திலிருந்து குதித்த துணிவைக் கண்டு வியந்தோம். குதியாமல் அமர்ந்த துணிவைக் கண்டு அதனினும் வியந்தோம். வேலைக்கென்றும் படிப்புக்கென்றும் நம் பிள்ளைகள் அறியாத ஊர்களுக்குப் புறப்படுகின்றனர். பழைய ஊரின் ஓடையைப் புதிய ஊரில் தேடாதே, கேட்டு அறிந்துகொள், காத்திருக்க வெட்காதே என்று சொல்லி வழியனுப்புவோமாக.