எலிக்கு வைத்த மருந்து

சின்னமனூர் என்றதும் வரலாறு படிக்கிறவர்களுக்குச் செப்பேடு ஞாபகம் வரும். பாண்டியர்கள் மகாபாரதத்தைத் தமிழ்ப்படுத்தியதையும், மதுரையில் சங்கம் வைத்ததையும் சொல்லும் பெரிய சின்னமனூர்ச் செப்பேடு 10-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஆயிரம் வருஷம் தாண்டி அது மிஞ்சியதற்குச் சாதாரணமான ஒரு காரணமும் உண்டு. செம்பைக் கரையான் தின்னாது. ஓலையில் எழுதிவைத்த எத்தனையோ நூல்கள் கரையானுக்கும் செல்லுக்கும் இரையாகிப் போய்விட்டன. ஏட்டுச்சுவடிகளுக்கே அந்தக் கதி என்றால், சாதாரண ஓட்டு வீட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

சின்னமனூரில் இந்தத் தொல்லை கொஞ்சம் அதிகம். ஊரைச் சுற்றி வயல். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரை நம்பிக் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கரில் இருபோகம் நெல் விளைகிறது. அறுவடை முடிந்துவிட்டால் வயலில் எலிக்குத் தீனி கிடையாது. அது வைக்கோல் படப்புக்கு வரும், தொழுவத்துக்கு வரும், அப்படியே வீட்டுக்குள்ளும் வரும். பழைய வீட்டில் அதற்கு வசதிக்குக் குறைவில்லை. மண்சுவரில் பொந்து, ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவே சந்து, பரண் நிறையப் பழைய சாமான், அடுப்படி மூலையில் ஈரம் காயாத அங்கணம். பாதி வீட்டை எலிக்கு வாடகைக்கு விட்ட மாதிரிதான்!

என்ன செய்யலாம் என்று யாரிடம் கேட்டாலும் வருகிற முதல் பதில், "மருந்து வை". எலி சாகும், உண்மைதான். ஆனால் வைத்த மருந்து எலியோடு நின்றுவிடுகிறதா என்பதுதான் கேள்வி.

இந்தப் பள்ளத்தாக்குக்கு அந்தப் பாடம் புதிதல்ல. வெள்ளைக்காரன் காலத்தில் கம்பம் பள்ளத்தாக்கில் பிளேக் நோய் இருந்தது. அதை விசாரித்து ஜார்ஜ், வெப்ஸ்டர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எழுதிய கட்டுரை 1934-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் வெளிவந்தது. பிளேக் பெரும்பாலும் எலியிடமிருந்து மனிதனுக்கு நேராக வருவதில்லை. எலியின் மேலிருக்கும் தெள்ளுப்பூச்சி கொண்டுவருகிறது. எலி செத்து உடம்பு குளிர்ந்ததும் தெள்ளுப்பூச்சி அதை விட்டு இறங்கி வேறு உடம்பைத் தேடும். பக்கத்தில் படுத்திருப்பவன் மனிதன். அதனால்தான் பிளேக் பரவும் இடத்தில் முதலில் தெள்ளுப்பூச்சியை ஒழிக்க வேண்டும், எலியைக் கொல்வது அதற்கப்புறம்தான் என்று சொல்கிறார்கள். உயிரோடு ஓடும் எலியைவிடச் செத்து விழுந்த எலிக்கு ஜனங்கள் அதிகம் பயந்த காலம் அது.

இன்று பயம் வேறு மாதிரி. தேனிப் பக்கத்துப் பிள்ளைகள் பலரும் படிப்பு, வேலை என்று சென்னைப் புறநகரில் வாடகை அடுக்குமாடி வீடுகளில் இருக்கிறார்கள். அங்கே பொந்து அடைக்க யாருக்கும் நேரமில்லை. ஒரு போன் செய்தால் ஆள் வந்து மருந்து வைத்துவிட்டுப் போவார். 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில் ஒரு குடும்பம் அப்படித்தான் செய்தது. தனியார் நிறுவனத்திலிருந்து ஆட்கள் வந்து வீட்டில் எலி மருந்து வைத்துவிட்டுப் போனார்கள். ராத்திரி கதவைச் சாத்தி, ஏ.சி. போட்டுக்கொண்டு எல்லோரும் தூங்கினார்கள். விடிந்தபோது எல்லோருக்கும் உடம்பு முடியவில்லை. இரண்டு சின்னக் குழந்தைகள் இறந்துபோனார்கள். பெற்றோர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். அந்த வீட்டில் யாரும் மருந்தைத் தின்னவில்லை. மூச்சு விட்டார்கள், அவ்வளவுதான்.

மூச்சு விட்டால் எப்படி விஷமாகும்? எலி மருந்து என்று ஒரே பெயரில் சொன்னாலும் அதற்குள் பல வகை இருக்கிறது.

முதலாவது, பாஸ்பைடு வகை. அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை, தானியக் கிடங்கில் மூட்டைகளுக்குப் புகை போட வந்தது. காற்றிலிருக்கும் ஈரம் பட்டாலே போதும், பாஸ்பீன் என்ற விஷ வாயு கிளம்பும். அதற்கு மாற்று மருந்து கிடையாது. மனிதர் படுத்துத் தூங்கும் வீட்டில் அதற்கு வேலையே இல்லை.

இரண்டாவது, மஞ்சள் பாஸ்பரஸ் பசை. பற்பசை மாதிரி டியூபில் வரும். இது ஈரலைக் கெடுக்கும். உள்ளே போனவருக்கு முதல் ஒரு நாள், இரண்டு நாள் பெரிதாக ஒன்றும் தெரியாமல்கூட இருக்கலாம். "நல்லாத்தானே இருக்கான்" என்று வீட்டிலேயே வைத்திருந்து, அப்புறம் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். இதற்கும் மாற்று மருந்து இல்லை. தமிழ்நாட்டில் இதனால் போன உயிர்கள் ஏராளம். அதனால்தான் 2022 கடைசியிலும் 2023 தொடக்கத்திலும் தமிழ்நாடு அரசு இந்தப் பசையைத் தடை செய்ய நடவடிக்கை எடுத்தது. பழைய வீட்டுப் பரணில் இன்னும் ஒரு டியூப் கிடந்தாலும் கிடக்கும். ஒரு தடவை தேடிப் பாருங்கள்.

மூன்றாவது, புரோமாடியோலோன் கட்டி. இது ரத்தத்தை உறையவிடாமல் செய்து சில நாள் கழித்து எலியைக் கொல்லும். மனிதர் தின்றுவிட்டால் வைட்டமின் கே கொடுத்து வைத்தியம் செய்ய முடியும் என்பது ஒரு ஆறுதல். ஆனால் சாகப்போகும் எலி தள்ளாடிக்கொண்டு வெளியே வரும். அதைப் பிடித்துத் தின்னும் கூகைக்கும் பூனைக்கும் அந்த விஷம் போகும். காசு வாங்காமல் எலி பிடிக்கிற பிராணிகள் அவைதான்!

சரி, மருந்து இல்லாமல் எலியை என்ன செய்வது?

சென்னையிலிருந்து மகன் ராத்திரி போன் பண்ணி, "அம்மா, சமையலறையில எலி வருதும்மா" என்று சொன்னால், சின்னமனூரில் இருக்கிற அம்மா கேட்கும் முதல் கேள்வி, "எந்த ஓட்டை வழியாடா வருது?" என்பதாகத்தான் இருக்கும். பூச்சி மருந்து அடிக்கிறவர்கள் பலர் கேட்காமல் விடும் கேள்வி அது. அரை அங்குலச் சந்து இருந்தால் எலி நுழைந்துவிடும். சுண்டெலிக்குக் கால் அங்குலம் போதும். கர்ப்பம் மூன்றே வாரம். ஓட்டையை அடைக்காமல் உள்ளே இருப்பதைக் கொன்றால், காலியான இடத்துக்கு அடுத்த எலி குடிவரும். மருந்து வாங்கிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

சிமெண்டில் உடைந்த கண்ணாடித் துண்டைக் கலந்து பொந்தை அடைப்பது பழைய வழக்கம். இப்போது இரும்பு வலையைத் திணித்து மேலே சிமெண்ட் பூசலாம். அங்கணத்துக் குழாய்க்கு வலை, கதவின் அடியில் தகரப் பட்டை. அரிசியும் பருப்பும் மூடி போட்ட டின்னில். ராத்திரி எச்சில் பாத்திரம் வெளியில் கிடக்கக் கூடாது. இவ்வளவும் செய்த பிறகு உள்ளே மாட்டிக்கொண்ட எலிக்குப் பொறி. எலி புதுப் பொருளைச் சந்தேகப்படும் பிராணி. அதனால் முதல் இரண்டு மூன்று நாள் பொறியைப் பூட்டாமல் மசால்வடையோ கருவாடோ வைத்துத் தின்ன விட வேண்டும். நான்காம் நாள் பூட்டினால் மாட்டும். பொறியை நடு அறையில் வைக்காதீர்கள். எலி சுவரை ஒட்டித்தான் ஓடும்.

மற்றப் பூச்சிகளுக்கும் ஏறக்குறைய இதே கணக்குதான். கரப்பானுக்கு வேண்டியது ஈரமும் எச்சிலும். ராத்திரி சிங்க்கைத் துடைத்துக் காயவிட்டாலே பாதி குறையும். கரப்பானுக்குக் கோடு போடும் சாக்பீஸைப் பிள்ளைகள் பள்ளிக்கூடச் சாக்பீஸ் என்று எடுத்துவிடும், ஜாக்கிரதை. துணிக்குள் போடும் நாப்தலின் உருண்டையும் மிட்டாய் மாதிரிதான் இருக்கும். அரிசியில் வண்டு வராமலிருக்க வேப்பிலை, வசம்பு. மூட்டைப்பூச்சிக்குக் கட்டிலை வெளியே போட்டுக் கொதிக்கிற தண்ணீர்.

கரையான் மட்டும் கொஞ்சம் வேறு. சுவரில் மண்கோடு தெரிந்தால் கொஞ்சம் உடைத்துவிட்டு இரண்டு நாள் பாருங்கள். திரும்பக் கட்டியிருந்தால் புற்று உயிரோடிருக்கிறது. ஒழுகும் ஓட்டையும் கசியும் குழாயையும் சரி செய்வது முதல் வேலை. உத்திரத்துக்கே போய்விட்டால் வீட்டு வைத்தியம் உதவாது. பயிற்சி பெற்றவர் வந்து, தரையும் சுவரும் சேருமிடத்தில் துளைபோட்டு மருந்து செலுத்த வேண்டியிருக்கும். மருந்தே கூடாது என்று யாரும் சொல்லவில்லை. எல்லாம் செய்து பார்த்த பிறகு வர வேண்டியது அது.

அப்படி ஆளைக் கூப்பிட்டால் கூச்சப்படாமல் மூன்று கேள்வி கேளுங்கள். மருந்தின் பெயர் என்ன, எழுதிக் கொடுப்பீர்களா? குடியிருக்கும் வீட்டுக்கு அனுமதித்த மருந்தா? எத்தனை மணி நேரம் வெளியே இருக்க வேண்டும்? பதில் சொல்லத் தயங்கினால் அனுப்பிவிடுங்கள். மருந்து வைத்த ராத்திரி, முக்கியமாகக் குழந்தை இருக்கிற வீட்டில், கதவைச் சாத்திப் படுக்காமல் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விடுவது நல்லது. திரும்பி வந்ததும் ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டு அப்புறம் உள்ளே போங்கள்.

யாருடைய வாயிலாவது மருந்து போய்விட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 108-க்குப் போன் செய்யுங்கள். மருந்து அட்டையையோ டியூபையோ கையோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். எந்த வகை என்று தெரிந்தால்தான் டாக்டரால் சட்டென்று வைத்தியத்தைத் தொடங்க முடியும். நன்றாக இருப்பது போலத் தெரிந்தாலும் போக வேண்டும்.

இந்த வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போதும். கையில் ஒரு டார்ச், கொஞ்சம் சிமெண்ட், ஒரு துண்டு இரும்பு வலை. மொத்தச் செலவு அதிகம் போனால் இருநூறு, முந்நூறு ரூபாய்.