கட்டுக்கம்பி

பெருமாநல்லூர் பக்கம் பனியன் கம்பெனி வைத்திருக்கும் நண்பர் போன் செய்தார். "ஏனுங்க, நம்ம சைட்டுல தெர்மாகோல்ல ஊடு கட்டறாங்க. ஒருக்கா வந்து பாத்துட்டுப் போங்க" என்றார். அவருடைய கம்பெனியில் தைக்கும் வெளியூர்ப் பிள்ளைகளுக்கான விடுதி அது. பழைய விடுதிக்குத் தகரக் கூரை. ஒன்றரை ஷிப்ட் முடித்துப் படுக்க வரும்போதும் பகல் வெயில் கூரையிலிருந்து இறங்கிக்கொண்டே இருக்கும். தூங்காத பிள்ளை மறுநாள் ஓவர்லாக் மிஷினில் எப்படி உட்காரும்? அதனால்தான் நண்பர் இந்தத் தெர்மாகோல் முறையைத் தேடிப் பிடித்திருக்கிறார்.

ஐப்பசி கடைசியில் போனேன். நான்கு அங்குலக் கனத்தில் வெள்ளைத் தெர்மாகோல் பலகைகள் அடுக்கிக் கிடந்தன. பலகையின் இரண்டு பக்கமும் துத்தநாகப் பூச்சு ஏறிய கம்பி வலை. தெர்மாகோலைத் துளைத்துப் போகும் குறுக்குக் கம்பிகள் இரண்டு வலைகளையும் சேர்த்துப் பிடித்திருக்கின்றன. ஆளுயரத்தைத் தாண்டிய பலகையை இரண்டு பேர் அலுங்காமல் தூக்கி வந்து நிறுத்தி முட்டுக் கொடுத்தார்கள். அதன் மேல் இரு பக்கமும் ஒன்றரை அங்குலம் வரை சிமென்ட் கலவையைப் பீச்சியடிக்கிறார்கள். இறுகியபின் நடுவே தெர்மாகோலும் இரு புறமும் கான்கிரீட் தோலுமாகச் சுவர் நின்றுவிடுகிறது. தெர்மாகோலில் பெரும்பங்கு அடைபட்ட காற்றுதான். வெயில் அதைத் தாண்டிவரத் திணறும்.

வெளிநாடுகளில் இதையே உள்ளும் புறமும் மாற்றிச் செய்கிறார்கள். கூடான தெர்மாகோல் கட்டிகளை அடுக்கி, நடுவே கம்பி நிறுத்தி, கான்கிரீட் ஊற்றுவார்கள். 2018 அக்டோபர் 10 அன்று அமெரிக்காவின் புளோரிடாவில், மெக்சிகோ பீச் என்ற கடற்கரை ஊரை மைக்கேல் சூறாவளி துடைத்துப் போட்டது. சுற்றியிருந்த வீடுகள் இருந்த இடம் தெரியவில்லை. அப்படிக் கட்டிய ஒரு வீடு மட்டும் நின்றது. அந்தப் படத்தை உலகமே பார்த்தது. அதிலிருந்து ஐந்து வாரம் கழித்து, நவம்பர் 16 அதிகாலையில், நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கஜா புயல் கரையேறியது. வேதாரண்யம் பக்கத்துக் கடலோரக் கிராமம் ஒன்றில் அன்றைக்குக் கூரையைப் பறிகொடுத்தவர்தான் இந்த சைட்டின் மேஸ்திரி.

கலவை விகிதம், கம்ப்ரஸர் அழுத்தம் என்று பொறியாளர் நிறையச் சொன்னார். என் கண் மேஸ்திரியின் வலது கையிலிருந்த கொக்கியிலேயே நின்றுவிட்டது. ஒரு சாண் நீளம். நுனி பூனை நகம்போல வளைந்திருக்கிறது. கைப்பிடியில் சைக்கிள் ட்யூப் சுற்றி, அதுவும் தேய்ந்து வழவழத்திருக்கிறது. கட்டுக்கம்பியை இரண்டாக மடித்து, வலைக்குப் பின்னால் விட்டு முன்னால் எடுக்கிறார். மடிப்புக் காதில் கொக்கியை மாட்டி மணிக்கட்டைச் சுழற்றுகிறார். இரண்டரைச் சுற்று.

"மூணு சுத்துனா கம்பி அறுந்துடும் சார். ரெண்டோட நிறுத்துனா ஆடும்" என்றார்.

அஸ்திவாரத்திலிருந்து வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகளோடு பலகையின் வலையைக் கட்டுகிறார். இரண்டு பலகை சேரும் மூலையில் மடித்த வலையை உள்ளேயும் வெளியேயும் வைத்துக் கட்டுகிறார். ஜன்னல் மூலைகளில் வலைத்துண்டைச் சாய்வாகப் போட்டுக் கட்டுகிறார். விரிசல் அங்கேதான் கிளம்புமாம். ஒரு பையன் கட்டிய முடிச்சை உள்ளங்கையால் தட்டிப் பார்த்தார். லேசாக அசைந்தது. வெட்டியெடுத்துவிட்டு மறுபடி கட்டச் சொன்னார். கலவை பீச்சிவிட்டால் இந்த முடிச்சுகளில் ஒன்றுகூட யார் கண்ணுக்கும் தெரியாது.

முடிச்சை அவர் கற்றது கம்பியில் அல்ல, நைலான் நூலில். அப்பா வலை பின்னுவார்; ஏழு வயதில் இவர் கையிலும் ஊசியைக் கொடுத்துவிட்டார். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு படகும் இல்லை, வலையும் இல்லை. கடலோரம் முழுக்கத் தொண்டு நிறுவனங்கள் வீடு கட்ட வந்தன. வீட்டுக்குச் சுமார் 325 சதுர அடி, ஒன்றரை லட்சம் ரூபாய் என்று அரசு கணக்குப் போட்டிருந்த காலம். அந்த வேலைகளுக்கு எடுபிடியாகப் போனவர் கம்பி கட்டக் கற்றார். அப்பாவுக்கு ஒரு வீடு கிடைத்தது. அண்ணன் தம்பிகள் குடும்பமாகப் பெருகியபோது, இவர் பக்கத்துப் புறம்போக்கில் சிமென்ட் ஷீட் போட்டு ஒரு வீடு எழுப்பிக்கொண்டார்.

"கஜா அடிச்ச அன்னைக்கு ராத்திரி முதல்ல ஷீட்டைப் புடிச்சிருந்த ஒரே ஒரு ஜே போல்ட்டுதான் சார் புடுங்குச்சு. அப்புறம் சட்டை பட்டன் அறுந்து போறாப்புல வரிசையாப் போயிட்டுது" என்றார். புள்ளைகளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, அவரும் மனைவியும் கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு கிடந்திருக்கிறார்கள். விடிந்தபோது ஒரு ஷீட்கூட மேலே இல்லை.

காற்று வீட்டை இடித்துத் தள்ளும் என்றுதான் நாம் நினைக்கிறோம். அது எதிர்ச்சுவரைத் தள்ளும். அதே நேரத்தில் கூரையை மேல்நோக்கி உறிஞ்சும். ஜன்னல் ஒன்று திறந்துகொண்டால் உள்ளே புகுந்த காற்றும் கீழேயிருந்து கூரையைத் தூக்கும். கூரையைச் சுவரோடும், சுவரை அஸ்திவாரத்தோடும் விடாமல் பிடித்திருக்கும் கட்டு இருந்தால்தான் வீடு பிழைக்கும். தெர்மாகோல் வெயிலுக்குத்தான், புயலுக்கு எதிரே நிற்பது கம்பியும் கான்கிரீட்டும். விளம்பரப் பலகைகளில் தெர்மாகோலுக்குத்தான் பெருமையெல்லாம். வீடு கட்டுவது என்று தமிழில் சொல்வதன் முழுப் பொருளை அன்றைக்கு அந்தக் கொக்கியில்தான் பார்த்தேன்.

கடலோரத்தில் இன்னொரு எதிரி உப்புக்காற்று. அப்பாவின் சுனாமி வீட்டில் கூரைக் காரை பெயர்ந்து துருப்பிடித்த கம்பி வெளியே தெரிகிறதாம். துரு ஏறினால் கம்பி உப்பும், உப்பினால் கான்கிரீட்டைப் பிளக்கும். கம்பிக்குக் கீழே கவர் பிளாக் வைத்து, கம்பியைக் கான்கிரீட் நன்றாக மூடும்படி பார்த்துக்கொண்டால் பல ஆண்டு தாங்கும். "அந்தத் துண்டுக் கல்லு வைக்கிறதுக்குக்கூட அன்னைக்கு மனசு வரலை" என்றார். இந்தச் சுவரில் கம்பி மெல்லியது. கடற்கரைக்குக் கொண்டுபோனால் துத்தநாகப் பூச்சிலும் கலவைக் கனத்திலும் நல்ல தண்ணீரிலும் கொஞ்சமும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

கூலியைப் பற்றிக் கேட்டேன். சதுர அடிக் கணக்கில் பணம் நண்பரிடமிருந்து பலகை கம்பெனிக்குப் போகிறது, அங்கிருந்து காண்ட்ராக்டருக்கு, அவரிடமிருந்து ஆள் பிடிக்கும் ஏஜென்ட்டுக்கு. மேஸ்திரியிடம் வருவது கடைசி மிச்சம். ஊரிலிருந்து கிளம்பும்போது வாங்கிய முன்பணத்துக்காக முதல் மாதக் கூலி முழுக்கப் பிடித்தாயிற்று. அதற்குப் பிறகும் தலைக்கு நாளொன்றுக்கு நூறு ரூபாய் ஏஜென்ட்டுக்கு. எதற்காக? ஒரு போன் பேசியதற்காக! ஒரு முடிச்சுப் போடாதவன், கலவை தெறித்துக் கண் எரியாதவன், பத்துப் பேரின் மணிக்கட்டுகளிலிருந்து தினமும் ஆயிரம் ரூபாயை உருவிக்கொண்டு போகிறான். கட்டுமானத் தொழிலாளர்களுக்கு இந்த மாநிலத்தில் 1994-லேயே நல வாரியம் வந்துவிட்டது. கட்டுமானச் செலவில் 1 சதவீதம் இவர்களுக்கென்றே வசூலாகிறது. மேஸ்திரியின் வாரிய அட்டையோ புதுப்பிக்கப்படாமல் பையில் கிடக்கிறது. புதுப்பித்துத் தருவதாகச் சொல்லிப் பணம் வாங்கிய இன்னொரு இடைத்தரகன் அப்புறம் போன் எடுக்கவில்லை. இந்த நாட்டில் வீட்டைக் கட்டுபவனைவிட, கட்டுபவனைக் காட்டிக்கொடுப்பவன் நன்றாக வாழ்கிறான். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை. அன்று மாலையே நண்பரிடம் சொன்னேன், அந்த நூறு ரூபாயை நீங்கள்தான் கேட்டு நிறுத்த வேண்டும் என்று. கேட்கிறேன் என்றார்.

இப்படிச் சுவர் எழுப்பத் தெரிந்தவருக்கு ஊரில் ஏன் வீடு இல்லை என்றால், பட்டா இல்லை. கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடிக்கு மூன்றரை லட்சம் ரூபாய் தருகிறார்கள். இவர் இருப்பது புறம்போக்கு. பட்டா இருக்கிற பக்கத்து வீட்டுக்காரருக்கும் கடலில்லாத அவிநாசிக்காரருக்கும் அதே தொகைதான். உப்புக்காற்றுக்கும் புயலுக்கும் சேர்த்துக் கட்ட வேண்டியவருக்குக் கூடுதலாகத் தர வேண்டாமா? புதுமுறை வீடுகளென்று மத்திய அரசு ஆறு நகரங்களில் மாதிரிக் குடியிருப்புகள் கட்டியது. தெர்மாகோல் கலந்த பலகை கடலே இல்லாத இந்தூருக்குப் போனது. பழவேற்காட்டிலிருந்து கோடியக்கரை வரை உள்ள ஏதாவது ஒரு குப்பத்தில் பத்து வீடு இப்படிக் கட்டிப் பார்க்கலாம். கட்டத் தெரிந்தவர்கள் அந்தக் கரையிலேயே பிறந்தவர்கள்.

நான் கிளம்பும்போது மேற்கே வெளிச்சம் மங்கிவிட்டது. வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று காலையிலிருந்தே செய்தி. மேஸ்திரியின் போன் அடித்தது. கொக்கியை இடுப்பில் செருகிக்கொண்டு எடுத்தார்.

"தம்பி, அம்மாகிட்ட குடு... ஆங், தார்ப்பாய் கிழக்கு மூலை கயிறு இருக்குல்ல? அதை மூங்கில்ல கட்டாத. ஆடிக்கிட்டே அறுத்துடும். வேப்பமரத்து அடியில ரெண்டு சுத்து சுத்தி, உள்ள விட்டு இழு. இழுத்துப் பாத்தியா? தட்டிப் பாரு... ஆடுதா?"