ஆவியாய்ப் போனது

பாடசாலை ஆய்வுகூடத்தில் பழுதுபட்ட வானொலிப் பெட்டியொன்றைத் திறந்துவைத்து, மாணவர்களுக்குப் பற்றாசு பிடிக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தேன். கோலின் நுனியில் கம்பி உருகிப் புகை எழுந்தது. "இந்தப் புகையில் ஈயம் இருக்கிறதா, சேர்?" என்று ஒரு மாணவன் கேட்டான். முப்பது ஆண்டுகளாக அப்புகையை முகர்ந்தவன் நான்; எத்தனையோ மாணவரின் முகத்துக்கு நேரே அதை எழுப்பியவனும் நானே. இக்கேள்வியை நானாக ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை.

புகை பெரும்பாலும் கம்பியினுள்ளே நிரப்பியிருக்கும் பிசினினுடையது. அதுவும் சுவாசத்துக்குத் தீங்கானதே. ஈயமோ விரல்களில் ஒட்டி, சோற்றோடு வாய்க்குள் செல்வது. இதைச் சொல்லிவிட்டுக் கம்பிச் சுருளைத் திருப்பிப் பார்த்தேன். 63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு ஈயம். பழைய சேர்மானம். 183 பாகையில் உருகும்; வேலைக்குச் சுகமானது.

இந்தச் சேர்மானத்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலை 1ஆம் திகதி முதல் தன் சந்தைக் கதவை அடைத்தது. மின்சாதனங்களில் ஈயம், பாதரசம், காட்மியம் முதலிய ஆறு பொருள்களுக்கு எல்லை விதித்தது. சில விலக்குகள் தவிர, ஈயம் 0.1 வீதத்தை மீறலாகாது, காட்மியம் 0.01 வீதத்தை மீறலாகாது. 2019இல் மேலும் நான்கு பொருள்கள் சேர்ந்தன. தொழிற்சாலைகள் உலைகளின் வெப்பத்தை உயர்த்தி, சுமார் 217 பாகையில் உருகும் வெள்ளீயம், வெள்ளி, செம்புக் கலவைக்கு மாறின. விற்பனை நின்றுபோகும் என்றதும் முதலாளிக்கு இரசாயனம் எவ்வளவு விரைவில் விளங்கிவிடுகிறது!

ஆயினும் இச்சட்டத்தின் தராசு முடிந்த பண்டத்தையே நிறுக்கிறது. பண்டத்தில் தங்காமல் இடையிலே ஆவியாய்ப் போகும் நஞ்சு அதில் ஏறுவதேயில்லை.

சீனாவின் சூசோ நகரில், வின்ரெக் என்னும் தாய்வான் கம்பனியின் தொழிற்சாலையில், அப்பிள் நிறுவனத்துக்கான தொடுதிரைகள் செய்யப்பட்டன. திரைகளைத் துடைக்க முன்னர் அற்ககோல் பயன்பட்டது. 2008இல் அதை நீக்கி ஹெக்சேனைக் கொடுத்தனர். காரணம் எளிது: அது அற்ககோலைவிட விரைவில் காயும், ஒரு மணித்தியாலத்தில் கூடுதலான திரைகளைத் துடைத்து முடிக்கலாம். காய்ந்தது எங்கே போயிற்று? காற்றோட்டமற்ற அறையில் குனிந்திருந்தவர்களின் சுவாசத்துக்குள். உடலினுள்ளே அது வேறொரு பொருளாக மாறிக் கைகால்களின் நரம்புகளைச் சிதைக்கும். முதலில் விரல்கள் மரத்துப்போகும், பின்னர் கால் சோரும், படியேறுவதும் பாடாகும். 2010 ஜனவரியில் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். 137 பேர் பாதிக்கப்பட்டதை அப்பிள் தன் 2011ஆம் ஆண்டு அறிக்கையில் ஒப்புக்கொண்டது.

அந்தத் திரைகளில் ஹெக்சேன் தங்கவில்லை. ஐரோப்பாவின் பட்டியலில் அதன் பெயரும் இல்லை. நம் கைக்கு வந்தது மாசற்ற கண்ணாடி.

2014இல் அப்பிள் ஹெக்சேனையும் பென்சீனையும் தன் இறுதிப் பொருத்துவேலைகளில் தடைசெய்தது. அதற்கு முந்திய கட்டங்களில், உதிரிப்பாகங்கள் செய்யப்படும் இடங்களில், அளவைத்தான் குறைத்தது.

மறுநாள் எங்கள் மேசையைச் சன்னலடிக்கு நகர்த்தினேன். கைகழுவச் சவர்க்காரமும் வைத்தேன். ஈயமற்ற கம்பி ஒரு சுருள் வாங்கினேன். விலை கூட, உருகவும் சுணங்குகிறது. மாணவர் பொறுமையிழந்தனர்.

"பழையதே நல்லது சேர், கெதியாய் உருகும்" என்றான், முதல்நாள் கேள்வி கேட்ட அதே மாணவன்.